ஒன்றும் கேட்காத அக்கா

கேள்வி: மட்டக்களப்பு கல்லடியில் ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கிறேன். சுனாமி முடிந்து 2005இல் தொடங்கியது. வீடு கட்டுகிறவர்கள் எல்லாரும் என்னிடம்தான் வந்தார்கள். இப்போது இரண்டு கடை. முதல் கடை நிற்கும் காணி அம்மா அக்காவுக்கு வைத்திருந்தது, அவதான் கையெழுத்து வைத்துத் தந்தவ. அக்கா கலியாணம் செய்யவில்லை, எங்களோடு இருக்கிறா, பிள்ளைகளை வளர்த்ததும் அவதான். ஒன்றும் கேட்கமாட்டா. கோயிலுக்கு மாபிள் பதித்துக் கொடுத்தேன், ஆயித்தியமலை மாதா கோயிலுக்கு வருடா வருடம் நடந்து போகிறேன். ஆனாலும் 'பணக்காரன் இறைவனின் அரசில் நுழைவதைவிட ஒட்டகம் ஊசிக் காதில் நுழைவது எளிது' என்று பூசையில் கேட்டதிலிருந்து தூக்கமில்லை. முதல் கடையைக் காணியோடு கோயிலுக்கு எழுதிவிட நினைக்கிறேன். மனைவிக்குச் சம்மதமில்லை. நான் நினைப்பது சரியா?
– பெயர் வேண்டாம், கல்லடி

பதில்: தம்பி, ஒட்டகம் இருக்கட்டும். அக்காவைப் பற்றிப் போகிற போக்கில் எழுதினீர்களே, அங்கே வாருங்கள்.

நம் ஊரில் வீடும் வளவும் பெண்பிள்ளைக்கு. ஆண்பிள்ளை பெண்சாதி வீட்டுக்குப் போகிறவன். நீங்களும் அப்படித்தான் போயிருப்பீர்கள். மேல்மாடி வேண்டுமானால் உங்கள் காசாக இருக்கலாம். உங்கள் மனைவியின் தம்பி வந்து, "அக்கா, இந்த வீட்டுக்கு ஒரு கையெழுத்து வை" என்று கேட்டிருந்தால் அவர் வைத்திருப்பாரா? நீங்கள்தான் விட்டிருப்பீர்களா? உங்கள் அக்கா வைத்தார். அதற்குப் பிறகு காணி இல்லாத பெண்ணைக் கேட்டு எந்த மாப்பிள்ளை வீட்டார் படியேறுவார்கள்? 'கலியாணம் செய்யவில்லை' என்று ஏதோ அவருக்கு மனமில்லாததுபோல எழுதுகிறீர்கள். எழுதும்போது கை கூசவில்லையா?

சீதனம் நல்ல வழக்கம் என்று நான் சொல்ல வரவில்லை. அதன்மேல் எனக்கும் கோபம் உண்டு, அதை வேறொரு நாள் பேசலாம். ஆனால் அதே வழக்கத்தில் மனைவியின் வீட்டில் குடியேறிக்கொண்டு, அக்காவின் பங்கையும் கடையாக்கிக்கொண்டவர் நீங்கள்.

"ஒன்றும் கேட்கமாட்டா." எப்படிக் கேட்பார்? இருப்பது தம்பி பெண்சாதியின் வீட்டில். இன்றைக்குக் கேட்டால் நாளைக்கு அடுப்படியில் அதே முகத்தைப் பார்க்க வேண்டும். இத்தனை வருடம் பிள்ளை வளர்த்ததற்குச் சம்பளமும் இல்லை, போய் இருக்க ஒரு கூரையும் இல்லை. அவர் வாய் திறக்காததைச் சம்மதம் என்று கணக்கில் எழுதிவிட்டீர்கள். நல்ல வியாபாரிதான்.

இப்போது ஒட்டகத்துக்கு வருவோம். மாற்கு 10ஆம் அதிகாரத்தில் அது 25ஆம் வசனம். கொஞ்சம் மேலே 19ஆம் வசனத்தைப் பாருங்கள். நிலைவாழ்வு பெற என்ன செய்ய வேண்டும் என்று கேட்டு வந்த பணக்காரனுக்கு இயேசு கட்டளைகளை எண்ணிச் சொல்லும்போது, வஞ்சித்துப் பறிக்காதே என்பதும் வருகிறது. இதே சம்பவத்தை எழுதும் மத்தேயுவிலும் லூக்காவிலும் அது இல்லை. மாற்கு மட்டும் விடவில்லை. விற்றுக் கொடு என்ற பேச்சு அதற்குப் பிறகுதான் வருகிறது. அதுவும் ஏழைகளுக்குக் கொடு என்று. மாபிள் பற்றி அங்கே ஒன்றுமில்லை. அப்புறம் மத்தேயு 5. பலிபீடத்தின் முன்னால் நிற்கும்போது கூடப்பிறந்தவருக்கு உன்மேல் மனத்தாங்கல் உண்டென்று நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போய் முதலில் அதைத் தீர்த்துவிட்டு வா என்கிறார். உங்களுக்கு நினைவு வந்துவிட்டது. அதனால்தான் தூக்கம் வரவில்லை. ஆனால் அக்காவிடம் போகாமல், அவருடைய காணியையே காணிக்கையாகத் தூக்கிக்கொண்டு பலிபீடத்துக்கு ஓடப் பார்க்கிறீர்கள். கொடுத்துவிட்டால் கோயில் சுவரில் உங்கள் பெயர் ஏறும், அக்காவும் அந்தக் காணியைப் பற்றி இனி மூச்சு விடமுடியாது. அதற்குப் பெயர் தியாகமா?

நொத்தாரிசிடம் போங்கள். இரண்டு சாட்சியோடு அந்தக் காணியை அக்காவின் பெயருக்கு உறுதி முடித்து, காணிப் பதிவகத்தில் பதியுங்கள். "வாயால் சொல்லிவிட்டேன்" என்பது சட்டத்தில் நிற்காது. 'அவவுக்குப் பிறகு என் பிள்ளைகளுக்கு' என்று நிபந்தனையும் போடாதீர்கள், அது அவர் விருப்பம். கடை அங்கேயே நடக்கட்டும், ஆனால் மாதாமாதம் வாடகை அவருடைய வங்கிக் கணக்குக்குப் போகவேண்டும். 2005இலிருந்து கொடுக்காத வாடகையையும் கூட்டிப் பாருங்கள். இயேசுவைக் கண்டு மனம் மாறிய வரி வசூலிப்பவன் சக்கேயு, ஏமாற்றி வாங்கியதை நாலு மடங்கு திருப்பித் தருகிறேன் என்றான். நான் ஒரு மடங்குதான் கேட்கிறேன்.

மனைவிக்கு இதுவும் பிடிக்காது. சண்டை வரும், வரட்டும். அந்தச் சண்டையை அக்கா தலையில் போடாமல் நீங்களே நின்று பிடியுங்கள்.

கோயிலுக்குக் கொடுக்கும் ஆசை அதன் பிறகும் இருந்தால் இரண்டாவது கடை இருக்கிறதே, அதைப் பற்றிப் பாதரிடம் பேசுங்கள். முதல் கடைக் காணியைப் பற்றி அவரிடம் பேசுவதா வேண்டாமா என்பதை இனி அக்கா சொல்லட்டும்.