கெட்ட பெயர் வாங்கியவள் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஒரு வருடமாக உங்கள் கட்டுரைகளை வாசித்து வருகிறேன். எழுதுவது இதுதான் முதல்முறை. என் பெயரை வெளியிட வேண்டாம்.

எங்கள் வகுப்பில் ஒருத்தி இருக்கிறாள். அவளுக்குப் 'புளுகுமூட்டை' என்று பெயர். முதல் ஆண்டில் ஒரு தோழியைப் பற்றி அவள் இட்டுக்கட்டிச் சொன்ன ஒரு விஷயம் துறைத்தலைவர் வரைக்கும் போய், அந்தத் தோழி வீட்டிலிருந்து ஆட்களைக் கூட்டிவர வேண்டியதாகிவிட்டது. அது வதந்தி இல்லை, நடந்ததுதான். அதற்குப் பிறகு யாரும் அவளோடு ஒட்டுவதில்லை. நானும்தான்.

இந்தப் பருவத்தில் லேபுக்கு இரண்டிரண்டு பேராகப் பிரித்தபோது அவளும் நானும் ஜோடியானோம். "ஜாக்கிரதையா இரு, உன்னப் பத்தியும் எதையாவது கிளப்பிவிடுவா" என்றார்கள். ஆனால் லேபில் அவள் வேறு மாதிரி இருக்கிறாள். ஒரு ரீடிங் சரியாக வரவில்லையென்றால் எல்லாவற்றையும் முதலிலிருந்து எடுக்கச் சொல்வாள். மற்றவர்கள் விடைக்குத் தகுந்தபடி எண்ணைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். நாங்கள்தான் எப்போதும் கடைசி.

அவளுக்கு அடிக்கடி போன் வரும். "ஒரு நிமிஷம், என் ஃப்ரெண்டு" என்று வராந்தாவுக்குப் போய்ச் சிரித்துச் சிரித்துப் பேசுவாள். வேறு கல்லூரிகளில் நிறைய நண்பர்கள் என்று சொல்லியிருக்கிறாள். போன வாரம் அப்படிப் போனவள் வரத் தாமதமானது. எனக்கு ஒரு ரீடிங் தேவைப்பட்டதால் லேபுக்குள் இருந்தபடியே அழைத்தேன். ஜன்னல் வழியாக அவள் முதுகு தெரிந்தது. காதில் போனை வைத்துப் பேசிக்கொண்டே இருந்தாள். அந்த போன்தான் மணி அடித்தது. அவள் உடம்பு தூக்கிப்போட்டது. பிறகு எடுத்து, "இன்னொரு கால்ல இருந்தேன், சொல்லு" என்றாள். நான் ரீடிங்கை மட்டும் கேட்டேன்.

அன்றிலிருந்து மனசே சரியில்லை. இதைத் தோழிகளிடம் சொன்னால் அவர்களுக்கும் அவள் மேல் இரக்கம் வரும் என்று தோன்றுகிறது. அல்லது அவளிடமே பேசலாமா? பாதிக்கப்பட்ட தோழி எனக்கும் நெருக்கம்தான். இவளோடு பழகினால் அவளுக்குத் துரோகம் செய்வதாக ஆகுமா?

அன்புடன்,
ம.

அன்புள்ள ம.,

உங்கள் கடிதம் இரண்டு நாட்களாக மனதிலேயே கிடந்தது.

முதலில் கேட்டதற்குப் பதில். ஜன்னல் வழியாகப் பார்த்ததை யாரிடமும் சொல்லாதீர்கள். தோழிகளிடமும் வேண்டாம், அவளிடமும் வேண்டாம். எவ்வளவு நல்ல மனதோடு சொன்னாலும் ஒரே வாரத்தில் அது வகுப்பு முழுக்கப் போய்விடும். போகிற வழியில் உங்கள் இரக்கம் உதிர்ந்துவிடும். 'வராத போனில் பேசுகிறவள்' என்பது மட்டும் மிஞ்சும். இத்தனை நாளும் அவள் மறைத்துக் காத்த ஒன்று, அவளைக் காப்பாற்ற நினைத்த உங்கள் வாயிலிருந்தே வெளியே போனதாக ஆகிவிடும்.

அந்த இரக்கத்தையும் கொஞ்சம் தள்ளிவைத்துப் பாருங்கள். 'பாவம்' என்பதும் ஒரு பெயர்தான். ஒருத்தியைப் பாவம் என்று முடிவு கட்டியவர்கள் அவளோடு சண்டை போட மாட்டார்கள், அவளிடம் உதவி கேட்க மாட்டார்கள், அவள் தப்பாகச் சொன்னால் தப்பு என்று சொல்லவும் மாட்டார்கள். புளுகுமூட்டை என்ற பெயரில் எவ்வளவு தனியாக இருந்தாளோ, அதே அளவு தனிமை இந்தப் பெயரிலும் உண்டு.

நம் மொழியில் கெட்ட பெயரை 'வாங்கினான்' என்கிறோம். நல்ல பெயரையும் வாங்கத்தான் செய்கிறோம். வாங்குகிறவர் ஒருவர் இருந்தால் கொடுக்கிறவர்களும் இருக்க வேண்டும் அல்லவா? அவர்களைப் பற்றி நாம் பேசுவதே அபூர்வம். 'பெயர் கெட்டுப்போச்சு' என்று, பால் தானாகத் திரிந்ததுபோலச் சொல்லிவிட்டுப் போய்விடுகிறோம். எனக்கு அந்தக் கொடுத்தவர்களைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கிறது. நானும் அவர்களில் ஒருவன்.

பள்ளியில் என்னோடு படித்த ஒருவனுக்குக் கை நீளம் என்று பெயர். ஆறாம் வகுப்பில் ஒரு பேனாவை எடுத்து மாட்டிக்கொண்டான். அது உண்மை. ஒன்பதாம் வகுப்பு வரை அந்த ஒரு பேனா அவனோடு கூடவே வந்தது. வகுப்பில் எதுவாவது காணாமல் போனால் எல்லாத் தலைகளும் ஒரே பக்கம் திரும்பும். கொஞ்ச காலத்துக்குப் பிறகு அதற்கும் வேலை இல்லாமல் போயிற்று. "என் இதைக் காணோம்" என்று எங்கேயாவது ஒரு குரல் கேட்டால் போதும், யாரும் கேட்பதற்கு முன்பே அவன் தன் பையை எடுத்து மேசைமேல் வைத்துத் திறந்துவிடுவான். புத்தகங்களை ஒவ்வொன்றாக வெளியே அடுக்குவான். முகத்தில் கோபமோ அழுகையோ இருக்காது. நாங்கள் அதைத் திமிர் என்றோம்.

ஒருமுறை ஒரு ஜியோமெட்ரி பாக்ஸ் காணாமல் போனது. அவன் பையில் இல்லை. வெளியே எங்கோ ஒளித்துவிட்டான் என்று முடிவாயிற்று, அடியும் வாங்கினான். மூன்று வாரம் கழித்து, தொலைத்த பையன் தன் வீட்டு அலமாரியிலேயே அது கிடைத்ததாக என்னிடம் சொன்னான். "யார்கிட்டயும் சொல்லாத" என்றான். நான் சொல்லவில்லை. எனக்கு அவன்மேல் எந்தப் பகையும் கிடையாது. பகை இல்லாத நாற்பது பேர் சும்மா இருந்ததில்தான் அந்தப் பெயர் உயிரோடு இருந்தது.

இன்னொன்றும் நினைவிருக்கிறது. இடைவேளையில் அவன் பெஞ்சுகளுக்கு நடுவில் வந்து நின்று "மணி என்ன?" என்று கேட்பான். வகுப்புச் சுவரில் பெரிய கடிகாரம் ஒன்று உண்டு, ஓடிக்கொண்டிருந்த கடிகாரம். அது தெரிந்தும் ஏன் கேட்கிறான் என்று எனக்கு எரிச்சலாக இருக்கும். மணியைச் சொல்லிவிட்டுத் திரும்பிக்கொள்வேன். ஒரு நாளில் இன்னொரு மனிதக் குரல் தன்னை நோக்கி வருவதற்கு அவன் கண்டுபிடித்திருந்த வழி அது என்பது எனக்குப் புரிய இருபது வருடங்கள் ஆயிற்று. அதற்குள் அவன் எங்கே போனான் என்று யாருக்கும் தெரியாது. உங்கள் லேப் ஜோடி வராந்தாவில் நின்று தன்னிடமே பேசிக்கொள்வதை வாசித்தபோது அந்தக் குரல்தான் கேட்டது.

முன்கூட்டிச் சொல்லப்பட்ட ஒரு சொல் நம் கண்ணை என்ன செய்கிறது என்பதற்கு 1950இல் உளவியலாளர் ஹெரால்ட் கெல்லி செய்த ஒரு சோதனை உண்டு. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழக மாணவர்களுக்கு வகுப்பெடுக்கப் புதிய ஆசிரியர் ஒருவர் வருகிறார். அவரைப் பற்றிய சிறு குறிப்பை மாணவர்களிடம் முன்பே கொடுத்தார்கள். பாதிப் பேர் கையில் இருந்த குறிப்பில் அவர் 'மிகவும் அன்பானவர்'. மீதிப் பேருக்கு 'சற்று ஒட்டாதவர்'. மற்ற வரிகளெல்லாம் ஒன்றே. ஒரே அறை, ஒரே மனிதர், ஒரே பேச்சு. முடிந்ததும் கேட்டால் முதல் பாதிக்கு அவர் இனியவர், மற்றவர்களுக்குத் தன்னை மட்டும் நினைப்பவர். என்னை உலுக்கியது இன்னொன்று. அன்பானவர் என்று படித்தவர்களில் 56 சதவீதம் பேர் அவரோடு விவாதத்தில் கலந்துகொண்டார்கள். மற்ற பாதியில் 32 சதவீதம்தான். அதாவது அவர்கள் தவறாகக் கணித்ததோடு நிற்கவில்லை, பேச்சையே குறைத்துக்கொண்டார்கள். பேசாமல் இருந்தால் கணிப்பு எங்கே திருந்தும்?

கெட்ட பெயர் உள்ளவர்களிடம் இது இன்னும் கொடுமையாக நடக்கிறது. முரடன் என்று பெயரெடுத்த சிறுவர்களைப் பற்றி உளவியலாளர் கென்னத் டாட்ஜ் 1980இல் எழுதிய ஆய்வில் இரண்டு விஷயங்கள் சேர்ந்தே வருகின்றன. வேண்டுமென்று செய்ததா, தற்செயலா என்று சொல்ல முடியாத ஒரு காரியத்தை அந்தப் பையன் செய்ததாகச் சொன்னால், சக மாணவர்கள் வேண்டுமென்றுதான் செய்தான் என்றார்கள். அந்தப் பையன்களும் மற்றவர்கள் செய்த அதே மாதிரிக் காரியங்களில் பகையைத்தான் கண்டார்கள். பெயர் இரண்டு பக்கமும் வெட்டுகிறது. தனிமையை நெடுங்காலம் ஆராய்ந்த ஜான் கசியோப்போவும் இதையே வேறு பக்கமிருந்து சொன்னார். தனிமை நீண்டால், எங்கே அடி விழும் என்று மனம் எப்போதும் காவல் காக்கிறது. காவல் காக்கிற முகம் பார்க்கிறவர்களுக்கு இறுக்கமாக, கர்வமாகத் தெரிகிறது. அவர்கள் விலகுகிறார்கள். என் வகுப்புத் தோழனின் 'திமிர்' எனக்கு விளங்கியது இதை வாசித்த பிறகுதான்.

அந்தத் தோழிக்கு நடந்ததை நான் தாண்டிப் போக விரும்பவில்லை. பொய் பொய்தான், அதனால் ஒருத்தி எல்லார் முன்னாலும் தலைகுனிந்து நின்றாள். அடியில் இருந்தது தனிமை என்று தெரிந்துவிட்டதால் மேலே நடந்தது அழிந்துவிடாது. ஏன் அப்படிச் சொன்னாள் என்று என்னால் ஊகிக்க முடிகிறது. எல்லாரும் காது கொடுக்கிற ஒரு செய்தி கையில் இருந்தால், யாரும் கூப்பிடாத ஒருத்தியும் பத்து நிமிடம் ஒரு வட்டத்துக்கு நடுவில் நிற்கலாம். இது என் ஊகம் மட்டுமே. சரியாகவே இருந்தாலும் அதைக் கொண்டுபோய் அந்தத் தோழியிடம் கொடுத்து "மன்னித்துவிடு" என்று கேட்காதீர்கள். அது அவள் எடுக்க வேண்டிய முடிவு. நீங்கள் யாரோடு பழகுகிறீர்கள் என்பதை அவளிடம் மறைக்காமல் இருந்தால் போதும், அதில் துரோகம் எதுவும் இல்லை. உங்கள் ரகசியங்களையெல்லாம் லேப் ஜோடியிடம் கொட்ட வேண்டும் என்ற கட்டாயமும் உங்களுக்கு இல்லை. நம்பிக்கை மெதுவாக வரட்டும்.

நீங்கள் போகிறபோக்கில் எழுதிய ஒரு விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு உங்கள் கடிதத்தின் மிகப் பெரிய செய்தி அதுதான். வகுப்பில் எல்லாரும் விடைக்குத் தகுந்தபடி எண்ணைப் போட்டுக்கொண்டு கிளம்பும்போது, புளுகுமூட்டை என்று பெயர் வாங்கியவள் ஒருத்திதான் முதலிலிருந்து எடுக்கலாம் என்கிறாள். இதை உங்களைத் தவிர வேறு யாரும் பார்த்ததில்லை. வராத போன் அவள் மறைக்க நினைக்கிற விஷயம், அதைச் சொல்லும் உரிமை உங்களுக்கு இல்லை. இது அவள் உங்கள் கண் முன்னால், கூச்சமில்லாமல் செய்கிற வேலை. அடுத்த முறை யாராவது "ஜாக்கிரதை" என்றால், வாதாட வேண்டாம், அவளுக்காக வக்காலத்து வாங்கவும் வேண்டாம். "என்கூட இருந்தவரைக்கும் ஒரு ரீடிங்கைக்கூட அவ மாத்திப் போட்டதில்ல" என்று சொல்லுங்கள். நீங்களே கண்ணால் கண்டது அது. அலமாரியில் கிடைத்த ஜியோமெட்ரி பாக்ஸைப் பற்றி அப்படி ஒரே ஒரு வாக்கியம் நான் சொல்லியிருக்கலாம்.

அவளிடமும் அதைச் சொல்லலாம். ஆறுதலாக வேண்டாம், வேலை நடுவில் சாதாரணமாகவே சொல்லுங்கள். "நீ இல்லன்னா நானும் எல்லாரையும் மாதிரி எண்ணைப் போட்டுட்டுப் போயிருப்பேன்" என்று.

அவள் முதலில் நம்பாமல் போகலாம். வெடுக்கென்று ஏதாவது சொல்லலாம், இல்லாத நண்பர்களைப் பற்றி இன்னும் பெரிதாக ஒரு கதையும் விடலாம். அந்தக் கதையை நம்பியதாக நடிக்காதீர்கள், குறுக்கு விசாரணையும் செய்யாதீர்கள். பேச்சை லேபுக்குத் திருப்புங்கள். மறுவாரமும் அதே இடத்தில் உட்காருங்கள்.

அன்று அவள் கையில் மணி அடித்த போனை நான் நினைத்துக்கொண்டே இருக்கிறேன். அவள் திடுக்கிட்டது பொய் அகப்பட்டுவிட்டதே என்று மட்டும்தானா? உண்மையிலேயே ஒருவர் தன்னை அழைக்கிறார் என்பதும் அதில் இருந்திருக்கலாம். அவளை மறுபடி அழையுங்கள். நோட்டை முடிக்க ஏதாவது ஒரு எண் தேவைப்படத்தான் செய்யும், அதையே கேளுங்கள். அவள் சொல்லி, நீங்கள் குறித்துக்கொண்ட பிறகு, உடனே போனை வைத்துவிடாதீர்கள்.

அன்புடன்.