நாமே அடுக்கிக்கொள்ளும் ஃபோம் மெத்தை முதுகுவலிக்கு ஆகுமா?

கேள்வி: எனக்கு வயது 46, எடை 74 கிலோ. கடலூரில் வீட்டிலேயே தையல் வேலை செய்கிறேன். ஒரு வருடமாகக் கீழ்முதுகில் வலி. காலையில் எழுந்தால் கால் மணி நேரம் முதுகு பிடித்துக்கொள்ளும், நடமாடினால் விட்டுவிடும். வலி காலுக்கு இறங்கவில்லை. கடையில் 'ஆர்த்தோ' மெத்தைக்கு 24,000 ரூபாய் சொல்கிறார்கள். பாண்டிச்சேரியில் ஃபோம் ஷீட்டாக வாங்கி நானே அடுக்கிக்கொள்ளலாமா? தென்பெண்ணை வெள்ளத்தில் நனைந்து காய்ந்த பழைய ஃபோம் மெத்தை ஒன்று இருக்கிறது. அதை அடியில் போடலாமா? மாமியார், 'மெத்தையே வேண்டாம், தரையில் படு' என்கிறார்.

பதில்: தாராளமாக அடுக்கிக்கொள்ளலாம் சகோதரி. சரியாகச் செய்தால் விலை கூடிய மெத்தையைவிட உங்களுக்கு அது பொருத்தமாகவே அமையும். 'ஆர்த்தோ' என்பது மெத்தைக்கு வைத்த பெயர். எலும்பு மருத்துவர் பார்த்துச் சொன்னார் என்று அதற்கு அர்த்தம் இல்லை.

முதலில் உங்கள் முதுகைப் பற்றி. கால் மணி நேரத்தில் விட்டுவிடும் பிடிப்பு, காலுக்கு இறங்காத வலி, இரண்டும் நல்ல சேதிதான். ஆனால் கால் மரத்துப்போவது, பலம் குறைவது, சிறுநீர் அல்லது மலம் கட்டுப்படாமல் போவது, தொடையிடுக்கில் உணர்ச்சி இல்லாமல் போவது, இவற்றில் எது வந்தாலும் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். காய்ச்சலோடு வரும் முதுகுவலி, காரணமில்லாமல் எடை குறைவது, எப்படிப் படுத்தாலும் இரவெல்லாம் குறையாத வலி ஆகியவற்றையும் தள்ளிப்போடக் கூடாது.

மாமியார் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. நடுவில் குழி விழுந்த மெத்தையில் இடுப்பு கீழே இறங்கி, முதுகு தொட்டில்போல் வளைந்துவிடும். அதற்குத் தரை மேல். ஆனால் தரையில் முதுகு பிடித்த நிலையில் எழுவதே பாடு. ஐப்பசி, கார்த்திகையில் நம் ஊர்த் தரையில் ஏறும் ஓதம் வேறு. அதைவிட முக்கியமானது, கெட்டியாக இருந்தால்தான் முதுகுக்கு நல்லது என்ற எண்ணமே சரியில்லை. நாள்பட்ட கீழ்முதுகு வலி உள்ள 313 பேரை ஸ்பெயினில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குக் கெட்டியான மெத்தையும் மறு பாதிக்கு நடுத்தரக் கெட்டியான மெத்தையும் கொடுத்து 90 நாள் பார்த்தார்கள். 2003-ல் 'லான்செட்' இதழில் முடிவு வந்தது. படுத்திருக்கும்போதும் எழும்போதும் வலி குறைந்ததில் நடுத்தர மெத்தைக்காரர்களே முன்னால் இருந்தார்கள். என் அம்மாவுக்கு இடுப்பு வலி வந்தபோது நானே பலகைபோல் ஒரு மெத்தையை வாங்கிக் கொடுத்தேன். இடுப்பு வலி அப்படியே இருந்தது. ஒருக்களித்துப் படுக்கிறவர் என்பதால் தோளிலும் வலி வந்தது. மேலே ஒரு அங்குல மென்மையான ஷீட் போட்ட பிறகுதான் நிம்மதியாகத் தூங்கினார்.

அடுக்கு முறையின் நன்மையே இதுதான். அடியில் கெட்டி, மேலே மென்மை. உடம்பு கேட்பதைப் பார்த்து மேல் அடுக்கை மட்டும் மாற்றலாம். உங்கள் எடைக்கு அடியில் 3 அங்குலம் பாண்டட் ஃபோம் போடுங்கள். ஃபோம் துண்டுகளைச் சேர்த்து அழுத்திச் செய்வது அது; பல நிறப் பொட்டுகளோடு இருக்கும். அதன் மேல் 2 அங்குலம் 40 டென்சிட்டி ஷீட். எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று அல்லது ஒன்றரை அங்குலம் மென்மையாக ஏதாவது.

டென்சிட்டி என்றால் கெட்டித்தன்மை என்று பலர் நினைக்கிறார்கள். அது எடைக் கணக்கு. ஒரு கன மீட்டர் ஃபோம் 40 கிலோ இருந்தால் 40 டென்சிட்டி. கூடுதலாக இருந்தால் சீக்கிரம் குழி விழாது, அவ்வளவுதான். கெட்டியா மென்மையா என்பதைப் படுத்துப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். ஆனால் எடைக் கணக்கு என்பதால் கடையிலேயே சோதித்துவிடலாம். ஆறடிக்கு மூன்றடி, 2 அங்குல ஷீட் 40 டென்சிட்டி என்றால் சுமார் 3.4 கிலோ இருக்க வேண்டும். 32 டென்சிட்டி என்றால் 2.7 கிலோதான் வரும். தராசில் போடச் சொல்லுங்கள், தயங்க வேண்டாம். உங்கள் காசு அது.

இருவர் படுக்கும் கட்டில் என்றால் ஆறடிக்கு மூன்றடியாக இரண்டு வரிசை வாங்குங்கள். கனமானவர் பக்கம் மேல் அடுக்கு கொஞ்சம் கெட்டியாக இருக்கலாம். அவர் புரண்டால் உங்கள் பக்கம் அவ்வளவாக ஆடாது என்பதும் ஒரு சௌகரியம்.

மேல் அடுக்குக்கு மெமரி ஃபோம் என்று கடையில் ஆசை காட்டுவார்கள். அது உடல் சூட்டில் இளகி அமுங்கும் பொருள். சூட்டையும் பிடித்து வைத்துக்கொள்ளும். கடலூர் சித்திரைப் புழுக்கத்தில், மின்விசிறியை நம்பித் தூங்குகிற வீட்டுக்கு நான் சொல்ல மாட்டேன். ரப்பர் பாலில் செய்யும் லேடெக்ஸ் ஷீட் நல்லது, விலைதான் கூட. பரணில் நனையாத இலவம் பஞ்சு மெத்தை ஏதாவது கிடக்கிறதா என்று பாருங்கள். பஞ்சை அடித்து, மெல்லியதாகப் புதிதாகத் தைத்துப் போட்டால் அதுவே நல்ல மேல் அடுக்கு. தும்மல், இழுப்பு உள்ளவர் வீட்டில் இருந்தால் மட்டும் பஞ்சு வேண்டாம்.

வெள்ளத்தில் நனைந்த ஃபோமைத் தயவுசெய்து தூக்கிப் போட்டுவிடுங்கள். ஃபெஞ்சல் புயலுக்குப் பிறகு, 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஆற்றுத் தண்ணீர் வீட்டுக்குள் வந்த பலர் இதையேதான் கேட்டார்கள். வெளியே காய்ந்ததுபோல் இருக்கும். ஆனால் வந்தது சாக்கடையும் கலந்த தண்ணீர். ஃபோமின் உள்ளறைகளில் அது இறங்கிவிட்டால் முழுதாகக் கழுவி எடுக்க முடியாது. பூஞ்சை உள்ளேயே வளரும். மேலே எத்தனை புது ஷீட் போட்டாலும் ராத்திரி முழுக்க அந்தக் காற்றைத்தான் மூச்சிழுப்பீர்கள்.

அடுக்குகளைப் பசை போட்டு ஒட்டாதீர்கள். பசை வாடை பல நாள் நிற்கும், தலைவலி தரும். அப்புறம் ஓர் அடுக்கை மட்டும் மாற்றவும் முடியாது. ஜிப் வைத்த உறை போதும், அதை உங்களைவிட நன்றாக யார் தைப்பார்கள்! காடாத் துணியில், மொத்த உயரத்தைவிட அரை அங்குலம் குறைத்துத் தையுங்கள். அடுக்குகள் நழுவாமல் பிடித்துக்கொள்ளும். அடியில் பிளாஸ்டிக் விரிப்பு வேண்டாம், வியர்வை ஈரம் அங்கேயே தங்கும். கட்டில் பலகையில் இடைவெளியோ துளைகளோ இருக்கட்டும். மாதம் ஒருமுறை மெத்தையைச் சுவரோரம் நிமிர்த்தி வைத்துக் காற்றாட விடுங்கள், நிழலில் மட்டும். பஞ்சை வெயிலில் போடலாம். ஃபோமை வெயிலில் போட்டால் மஞ்சளாகிப் பொடிந்துவிடும். கொசுவத்திச் சுருளைக் கட்டிலுக்குப் பக்கத்தில் வைக்கவே வைக்காதீர்கள். ஃபோம் பற்றினால் எழும் புகையில் நச்சு வாயுக்கள் உண்டு; தூங்குகிறவர் விழிக்கும் முன்பே அது ஆளைச் சாய்த்துவிடும்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் வாங்க வேண்டாம். கீழ் இரண்டு அடுக்கோடு, மேலே மடித்த போர்வை போட்டு இரண்டு வாரம் படுத்துப் பாருங்கள். மல்லாந்து படுத்து இடுப்பு வளைவுக்கு அடியில் கையை நுழையுங்கள். கை தாராளமாகப் போய் வந்தால் மெத்தை கெட்டி. நுழையவே இல்லையென்றால் இடுப்பு அமுங்குகிறது. ஒருக்களித்துப் படுத்து, கழுத்திலிருந்து இடுப்பு வரை முதுகெலும்பு நேர்கோடாக இருக்கிறதா என்று வீட்டில் யாரையாவது பின்னாலிருந்து பார்க்கச் சொல்லுங்கள். அதற்குப் பிறகு மேல் ஷீட்டை வாங்கலாம். ஒருக்களிக்கும்போது முழங்கால்களுக்கு நடுவில் ஒரு தலையணை, மல்லாந்தால் முழங்காலுக்கு அடியில் ஒன்று. காசில்லாத வைத்தியம், இன்றைக்கே தொடங்கலாம்.

அப்புறம், உங்கள் தையல் மிஷினையும் நான் சந்தேகப்படுகிறேன். முதுகில்லாத ஸ்டூலில் குனிந்து மணிக்கணக்காக உட்கார்ந்துவிட்டு, இரவில் மட்டும் முதுகைக் கவனித்தால் போதாது. சாய்மானம் உள்ள நாற்காலிக்கு மாறுங்கள். துணி கண்ணுக்கு எட்டும்படி உயரத்தைச் சரிசெய்யுங்கள். அரை மணிக்கு ஒருமுறை எழுந்து வாசல் வரை நடந்துவிட்டு வாருங்கள். மாலையில் 20 நிமிடம் நடை.

இப்படி ஆறு வாரம் இருந்து பாருங்கள். வலி அப்படியே இருந்தால் இன்னொரு ஷீட் வாங்காமல், கடலூர் அரசு தலைமை மருத்துவமனையிலோ ஜிப்மரிலோ எலும்புப் பிரிவில் காட்டுங்கள். எந்த மெத்தையில் படுக்கிறீர்கள், என்ன வேலை செய்கிறீர்கள் என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள்.