துருவத்துல மான்ஸ்டர், கையில 60,000

கேள்வி: நாங்க அஞ்சு ஃப்ரெண்ட்ஸ். அண்டார்டிகா பேஸ்ல மான்ஸ்டர் புகுந்து அங்க இருக்கறவங்களையும் அவங்க நாயையும் ஒவ்வொண்ணா காலி பண்ற குறும்படம் எடுக்கப் போறோம். மொத்த பட்ஜெட் 60,000 ரூபாய், மான்ஸ்டர் சூட்டுக்கே 40,000 கேக்குறாங்க. பனிக்கு உப்பு கொட்டினா போதுமா சார்?
– வாசகர், தாராவி, மும்பை

பதில்: தம்பி, அந்த 40,000-ஐ தயவுசெஞ்சு குடுத்துடாதீங்க. ரப்பர் சூட்டு போட்ட ஆளு முழு வெளிச்சத்துல வந்து நின்னுட்டா அதோட பயம் போச்சு. காரிடர் கடைசில ஒரு நிழல், கதவுக்குப் பின்னாடி சுரண்டுற சத்தம், அது போதும்.

காச குளிருக்கு செலவு பண்ணுங்க. பேசறப்ப வாயில புகை வரணும், அது வந்தாத்தான் ஜனங்க நம்புவாங்க. 1951-ல வந்த 'தி திங் ஃப்ரம் அனதர் வேர்ல்ட்'ங்கற துருவத்து மான்ஸ்டர் படத்துக்கே லாஸ் ஏஞ்சல்ஸ்ல ஒரு ஐஸ் கிடங்குக்குள்ள போய் சில சீன் எடுத்தாங்க. நமக்கு சசூன் டாக் பக்கம் மீனுக்கான ஐஸ் ஃபேக்டரி, கோல்டு ஸ்டோரேஜ் எல்லாம் இருக்கே, ஒரு ராத்திரிக்கு கேட்டுப் பாருங்க. ஆனா கதவு உள்ளருந்து திறக்குதான்னு மொதல்ல பாத்துட்டு, வெளிய ஒருத்தர நிக்க வச்சுட்டுத்தான் உள்ள போகணும், இதுல விளையாட்டே வேணாம். பேட்டரி சீக்கிரம் இறங்கிடும், ஸ்பேர் வச்சுக்கோங்க. கேமராவ வெளிய கொண்டு வர்றதுக்கு முன்னாடியே பிளாஸ்டிக் பையில போட்டு இறுக்கக் கட்டிடுங்க, இல்லேன்னா நம்ம ஊரு புழுக்கத்துக்கு லென்ஸ் பூரா தண்ணி கோத்துக்கும். உப்பும் அப்படித்தான், மழைக்காலத்துல கசிஞ்சு சேறாயிடும், டிசம்பருக்கு மேல வச்சுக்கோங்க.

கதைய அண்டார்டிகால இருக்கற நம்ம இந்திய ஆராய்ச்சி நிலையம், மைத்ரி ஸ்டேஷன்லயே வைங்களேன். 1989-லருந்து இருக்கு, குளிர்காலத்துல 25 பேர் வாக்குலதான் தங்குவாங்க, ரெண்டு மாசம் கிட்ட சூரியனே எழும்பாது, கடல் உறைஞ்சிடுறதால கப்பல் கோடைக்குத்தான் வரும். ஆனா சேட்டிலைட் போன் வேலை செய்யும்! அத யோசிச்சுப் பாருங்க, தாராவில இருக்கற அம்மா "சாப்ட்டியாடா"ன்னு கேக்குறாங்க, பையன் "சாப்ட்டேம்மா"ங்கறான், பின்னாடி அந்த சுரண்டல் சத்தம், அம்மா குரல் கேக்குது ஆனா எத்தன மாசத்துக்கு யாராலயும் வந்து காப்பாத்த முடியாது. எனக்கு எழுதும்போதே வயித்தக் கலக்குது. இந்த சீனுக்கு ஒரு ரூம், ஒரு நடிகர், ஒரு போன், அவ்வளவுதான் செலவு.

அந்த நாய மட்டும் கதைலருந்து எடுத்துடுங்க. சுற்றுச்சூழல் ஒப்பந்தப்படி 1994 ஏப்ரலுக்கு அப்புறம் அண்டார்டிகால நாய் வச்சிருக்கவே கூடாது.