ஊழியர் கேள்வி பதில்: வெளிநாட்டுப் பயிற்சி, உள்ளூர்ச் சபை

கேள்வி: அமெரிக்காவிலிருந்து ஒரு மிஷன் குழு வந்து எங்கள் போதகர் ஐக்கியத்துக்கு மூன்று நாள் சுவிசேஷப் பயிற்சி தருவதாகச் சொல்கிறது. 150 பேரைச் சேர்க்கச் சொல்கிறார்கள். எப்போது வைத்தால் நல்லது?
– ஒரு போதகர், காசிமேடு

பதில்: முதலில் அந்த 150-ஐக் குறையுங்கள். 15 பேர் போதும். மொழிபெயர்ப்போடு நடக்கும் வகுப்பில் ஒரு மணி நேரம் என்பது அரை மணி நேரப் பாடம்தான். மூன்று நாளில் 18 மணி நேரம் உட்கார்ந்தாலும் கையில் கிடைப்பது 9 மணி நேரம். அதையும் 150 பேர் கும்பலாகக் கேட்டால் ஒருவருக்கும் செய்து பார்க்க வாய்ப்பு வராது. சாப்பாடு, பை, சான்றிதழ், குரூப் போட்டோ, அத்தோடு சரி. எல்லாப் பயிற்சிக்கும் அதே முகங்கள் வருவது ஏன் என்று உங்களுக்கே தெரியும்.

வருகிறவர்களை நேரடியாகக் கூட்டத்துக்குப் போதிக்க விடாமல், உங்களில் நான்கு பேரைப் பயிற்றுநராக ஆக்கச் சொல்லுங்கள். அவர்கள் புறப்படும் முன்பே வீடியோ காலில் நான்கைந்து அமர்வுகள் முடிந்துவிட வேண்டும். பாடக்குறிப்பு இரண்டு வாரம் முன்னதாக மொழிபெயர்ப்பாளர் கையில் இருக்க வேண்டும். அவர் ஆங்கிலம் தெரிந்தவராக மட்டும் இருந்தால் போதாது, வேதாகமத் தமிழ் பழகியவராகவும் இருக்க வேண்டும். பிறகு அந்த நால்வரும் ஆளுக்கு மூன்று நான்கு பேரை வைத்து வாரம் இரண்டு மணி நேரம், மூன்று மாதம் நடத்தட்டும். கேட்டவர் உண்மையுள்ளவர்களிடம் ஒப்புவிக்க, அவர்கள் மற்றவர்களுக்குப் போதிக்க வேண்டும் என்று 2 தீமோத்தேயு 2:2 சொல்லும் வரிசையும் இதுதான்.

அந்த இரண்டு மணி நேரத்தை இப்படிப் பிரியுங்கள். முதல் அரை மணி, போன வாரம் யாரிடம் பேசினோம், என்ன கேட்டார்கள் என்ற கணக்கு. இதை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் விடக்கூடாது. இது நின்றால் மூன்றாம் வாரமே பயிற்சி பைபிள் வகுப்பாக மாறிவிடும். அடுத்து சுவிசேஷத்திலிருந்து ஒரு சம்பவம்: ஒருவர் ஐந்து நிமிடத்தில் சொல்ல, பக்கத்தில் இருப்பவர் புத்தகம் பார்க்காமல் திருப்பிச் சொல்ல, விட்டுப்போனதை மற்றவர்கள் எடுத்துக்கொடுக்க வேண்டும். எழுத்துப் பழக்கம் குறைந்தவர்களுக்கு இந்த முறைதான் நிற்கும். ஆங்கிலப் புத்தகத்தில் வரும் ‘நான்கு குறிப்பு’ அட்டவணையை மனப்பாடம் செய்யவைத்தால், துறைமுக கேட்டில் நிற்கும் நண்பனிடமும் பிரசங்கத் தொனியில்தான் பேசுவார்கள். அவன் டீயைக் குடித்துவிட்டுப் போய்விடுவான். கடைசியாக, அந்த வாரம் பேசப்போகும் இரண்டு பேரின் பெயரை ஒவ்வொருவரும் எழுதிக்கொள்ள வேண்டும். தெரியாதவர் வேண்டாம், ஏற்கெனவே பழக்கமானவர்.

காலம்: டிசம்பர் எந்தச் சபைக்கும் ஆகாது. அக்டோபர், நவம்பரில் மழை வந்தால் வியாசர்பாடி, கொருக்குப்பேட்டைச் சுரங்கப்பாதைகளில் தண்ணீர் நின்று, பாதிப்பேர் வந்து சேரமாட்டார்கள். ஈஸ்டருக்கு முந்திய லெந்து நாட்களில் போதகர்களுக்கு ஓய்வே இல்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை இருப்பதால் விசைப்படகுக்காரர்கள் கரையில் இருப்பார்கள். ஆனால் வருமானமும் அப்போது இல்லை என்பதால் பயிற்சிக் கட்டணம் வாங்காதீர்கள். ஃபைபர் போட்டுக்காரர்களுக்குத் தடை கிடையாது, அவர்கள் விடியற்காலையில் கடலுக்குப் போவார்கள். ஞாயிறு ஏலமும் வியாபாரமும் உச்சம் என்பதால் மீன் விற்கும் சகோதரிகளுக்குச் சனி இரவு சரிவராது. வியாபாரம் மந்தமாக இருக்கும் செவ்வாய் மதியம் பாருங்கள். வெள்ளியும் மந்தம்தான், ஆனால் உபவாச ஜெபம் இருக்கிறதே.

கேள்வி: வருகிறவர்கள் டூரிஸ்ட் விசாவில் வருகிறார்கள். ஞாயிறு ஆராதனையில் பத்து நிமிடம் செய்தி கொடுக்கலாமா?
– ஒரு மூப்பர், தண்டையார்பேட்டை

பதில்: கூடாது. ஆராதனையில் உட்காரலாம், ஜெபிக்கலாம். மேடையேறிப் பிரசங்கிப்பதும், கைப்பிரதி கொடுப்பதும் சுற்றுலா விசாவில் அனுமதி இல்லாதவை. மிஷனரி விசா என்று தனி வகை இருக்கிறது. ‘நம்ம ஊர்க்காரர்தானே’ என்று ஓ.சி.ஐ. அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கானது) வைத்திருப்பவரை மேடையேற்றுவதும் பிரச்சினைதான்; 2021 மார்ச் அறிவிப்பின்படி மிஷனரிப் பணிக்கு அவர்களும் சிறப்பு அனுமதி வாங்க வேண்டும். விருந்தினரைப் போதகர் வீட்டிலேயே தங்கவைத்தாலும் 24 மணி நேரத்துக்குள் வெளிநாட்டினர் பதிவு அலுவலகத்துக்கு ஆன்லைனில் தெரிவிக்க வேண்டும். ஓட்டலுக்கு மட்டும்தான் இந்த விதி என்று பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

கேள்வி: பயிற்சிச் செலவுக்கு இரண்டு லட்சம் ரூபாயை என் சொந்தக் கணக்குக்கு அனுப்புவதாகச் சொல்கிறார்கள். வாங்கலாமா? அல்லது எஃப்.சி.ஆர்.ஏ. (வெளிநாட்டுப் பங்களிப்புச் சட்டப் பதிவு) உள்ள ஒரு பெரிய ஊழிய நிறுவனம் வழியாக வாங்கலாமா?
– ஒரு போதகர், திருவொற்றியூர்

பதில்: இரண்டுமே கூடாது. மதப் பணிக்கு வெளிநாட்டுப் பணம் வாங்க 2010-ஆம் ஆண்டின் வெளிநாட்டுப் பங்களிப்புச் சட்டப்படி பதிவோ முன் அனுமதியோ தேவை. மீறினால் ஐந்தாண்டு வரை சிறைக்கும் சட்டத்தில் இடமுண்டு. பெரிய ஊழியம் வாங்கி உங்களுக்கு மாற்றித்தருவது 2020 திருத்தத்துக்கு முன் நடந்த கதை. இப்போது பதிவு பெற்ற ஒரு நிறுவனம் இன்னொரு நிறுவனத்துக்கே கொடுக்க முடியாது.

அந்த ஊழியமே பயிற்சியைத் தன் திட்டமாக ஏற்று நடத்தலாம். ஹால் வாடகை, சமையல், அச்சு எல்லா பில்லும் அவர்கள் பெயரில் இருக்க வேண்டும், அவர்கள் கணக்கிலிருந்தே கட்ட வேண்டும். உங்கள் சபை ஆட்களைத் தரும், பணத்தைத் தொடாது. நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்பதால் அலுவலகச் சம்பளத்தை இதில் ஏற்றமாட்டார்கள். பேசும்போதே இதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

சொந்தமாகப் பதிவு வேண்டுமென்றால் அமைப்புக்கு மூன்று ஆண்டு வயதும், அந்த மூன்று ஆண்டில் 15 லட்சம் ரூபாய் பணிக்குச் செலவிட்ட கணக்கும் வேண்டும். சின்னச் சபைக்கு எட்டாது. குறிப்பிட்ட கொடையாளர், தொகை, நோக்கத்துக்கு முன் அனுமதி கேட்கலாம். அதற்கும் முதலில் பணம் வந்து சேரும் கணக்கு எஸ்.பி.ஐ.யின் புதுடெல்லி முதன்மைக் கிளையில் இருக்க வேண்டும், உள்ளூர் எஸ்.பி.ஐ. கிளை வழியாகவே திறந்துகொள்ளலாம். ஒவ்வொரு நிதியாண்டுக் கணக்கையும் டிசம்பர் 31-க்குள் எஃப்.சி.-4 படிவத்தில் காட்ட வேண்டும். அந்த ஆண்டு பணமே வரவில்லை என்றாலும் காட்ட வேண்டும்.

இந்தியப் பாஸ்போர்ட்டோடு துபாயில் வேலை செய்யும் உங்கள் சபை விசுவாசி தன் சம்பளத்திலிருந்து அனுப்புவது வெளிநாட்டுப் பங்களிப்பில் வராது. அவர் வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றுவிட்டால் வரும். பாஸ்போர்ட் நகலை வாங்கிக் கோப்பில் வையுங்கள். என்னைக் கேட்டால் 15 பேர் பயிற்சிக்கு இரண்டு லட்சம் எதற்கு? சபை ஹாலும் விசுவாசிகள் சமையலும் இருந்தால் காணிக்கையிலேயே முடிகிற வேலை.

கேள்வி: ரயில் பெட்டித் தொழிற்சாலையில் வேலை, மாலையில் ஊழியம். சிங்கப்பூரில் இரண்டு வாரத் தலைவர் பயிற்சிக்கு டிக்கெட், தங்குமிடம் இலவசம் என்று அழைப்பு வந்திருக்கிறது.
– ஒரு வாசகர், பெரம்பூர்

பதில்: அரசு ஊழியர் வெளிநாட்டில் வெளிநாட்டார் செலவில் தங்கினால் உள்துறை அமைச்சகத்தின் முன் அனுமதி வேண்டும். எஃப்.சி.-2 படிவம் ஆன்லைனில். பயணத்துக்குக் குறைந்தது இரண்டு வாரம் முன்பு. அதற்கு முன் உங்கள் துறையின் ஒப்புதல் வேண்டும் என்பதால் இரண்டு மாதம் முன்பே தொடங்குங்கள். துறைமுகத்தில் வேலை செய்பவர்களுக்கும் இதேதான். பயிற்சி கேட்க மட்டும் போகிறீர்களா, அங்கே சபைகளில் பேசவும் போகிறீர்களா? பேசுவதானால் அழைக்கும் அமைப்பே உங்களுக்கு அந்நாட்டின் குறுகிய கால வேலை அனுமதி வாங்கித்தர வேண்டும். அது அதிகபட்சம் 60 நாள்.

கேள்வி: எங்கள் வாலிபர் குழு நேபாளத்துக்கு ஒரு வார மிஷன் பயணம் போக விரும்புகிறது. விசாவே தேவையில்லையாமே?
– ஒரு வாசகி, புளியந்தோப்பு

பதில்: விசா தேவையில்லை, சட்டம் இருக்கிறது. 2018 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த அந்நாட்டுக் குற்றவியல் சட்டத்தில், மதம் மாற்றுவது ஐந்து ஆண்டு வரை சிறை. வெளிநாட்டவர் என்றால் தண்டனை முடிந்ததும் நாடு கடத்தல். நீங்கள் ஊர் திரும்பிவிடுவீர்கள், வழக்கு உள்ளூர்ப் போதகர் தலையில் விழும். போக வேண்டுமென்றால் அங்குள்ள சபை அழைக்கட்டும், என்ன செய்ய வேண்டும் என்று அவர்கள் சொல்லட்டும். கைப்பிரதிக் கட்டை ஊரிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.

கேள்வி: 35,000 ரூபாய் கட்டினால் வெளிநாட்டு இறையியல் பல்கலைக்கழகத்தின் டாக்டர் பட்டம், பெரிய ஹாலில் விழா என்கிறார்கள்.
– பெயர் வேண்டாம், வியாசர்பாடி

பதில்: வேண்டாம். படிக்க ஆசையிருந்தால் இறையியல் பட்டம் வழங்கும் செராம்பூர் செனட்டோடு இணைந்த கல்லூரிகளில் விசாரியுங்கள். அதன் பட்டம் வழங்கும் உரிமை 1827-இல் டென்மார்க் அரசர் தந்த சாசனத்திலிருந்து வருவது. வேலையை விட முடியாதவர்களுக்கு விரிவாக்க முறை இறையியல் கல்வி இருக்கிறது: வீட்டில் பாடப்புத்தகம், வாரம் ஒரு கலந்துரையாடல். 1963-இல் குவாத்தமாலாவில் தொடங்கிய முறை. பெங்களூரிலிருந்து டாஃப்டீ என்ற அமைப்பு இதைத் தமிழிலும் நடத்துகிறது. ஆட்டோ ஓட்டிக்கொண்டே முடிக்கலாம்.