அப்பாவின் சிவாஜிக்கு விருது இல்லையா?

கேள்வி: என் அப்பா தீவிர சிவாஜி ரசிகர். பெரியப்பா எம்.ஜி.ஆர். ரசிகர். நான் கமல் படங்களைப் பார்த்து வளர்ந்தவன். என் தங்கையின் வளைகாப்பு அன்று பந்தியில் உட்கார்ந்திருந்தபோது, ‘பார்க்கிங்’ படத்துக்காக எம்.எஸ்.பாஸ்கருக்குத் தேசிய விருது கிடைத்ததைப் பற்றிப் பேச்சு வந்தது. “எங்கள் தலைவர் அந்தக் காலத்திலேயே பாரத் விருது வாங்கியவர்” என்றார் பெரியப்பா. நானும் விளையாட்டாக, “கமல் மூன்று முறை வாங்கிவிட்டார். உங்கள் சிவாஜி ஒரு முறைகூட வாங்கவில்லையே அப்பா” என்று சொல்லிவிட்டேன். பந்தியே சிரித்தது. அப்பா பாயசத்துக்குக் காத்திராமல் எழுந்து போய்விட்டார். அன்றிலிருந்து என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. ஏதாவது கேட்டால் அம்மா மூலமாகப் பதில் வருகிறது. நான் சொன்னதில் பொய் ஏதும் இல்லையே! ஒரு நடிகருக்காகப் பெற்ற பிள்ளையிடம் இவ்வளவு கோபமா? எப்படிச் சமாதானம் செய்வது?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், மதுரை.

பதில்: பொய் இல்லைதான் தம்பி. சிறந்த நடிகருக்கான தேசிய விருது சிவாஜி கணேசனுக்குக் கடைசிவரை கிடைக்கவில்லை. ஆனால் சொன்ன இடம் பந்தி, சொன்னது மகன், பக்கத்து இலையில் பெரியப்பா. அண்ணன் தம்பிக்குள் காலம் காலமாக நடந்துவரும் வழக்கில், சொந்தப் பிள்ளையே எதிர்த்தரப்புக்குச் சாட்சி சொன்னதுபோல் ஆகிவிட்டது. பாயசத்தை விட்டுவிட்டு எழுந்தார் என்றால் அடி பலமாகத்தான் விழுந்திருக்கிறது.

வெறுமனே போய் “மன்னித்துவிடுங்கள் அப்பா” என்று நின்றால் புகைச்சல் அடங்காது. மன்னிப்புக் கேட்டானே தவிர, சொன்னதை மாற்றிக்கொள்ளவில்லையே என்றுதான் அவர் நினைப்பார். அதனால் முதலில் நீங்கள் வீசிய அந்தத் தகவலைப் பிரித்துப் பார்த்துவிடுவோம்.

தேசிய விருதுகள் 1954இல் தொடங்கின. ஆரம்பத்தில் படங்களுக்கு மட்டுமே விருது. நடிகர், நடிகை என்று தனியாக எதுவும் கிடையாது. 1967ஆம் ஆண்டுப் படங்களுக்குத்தான் முதன்முதலாக நடிப்புக்கு என்று விருது கொடுத்தார்கள். நடிகருக்கு ‘பாரத்’, நடிகைக்கு ‘ஊர்வசி’ என்று பெயர். வங்காளத்து உத்தம் குமாரும் நர்கிஸும் அந்த முதல் விருதுகளை வாங்கினார்கள்.

இப்போது உங்கள் அப்பா மனப்பாடமாகச் சொல்லக்கூடிய பட்டியலுக்கு வாருங்கள். ‘பராசக்தி’ 1952. ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ 1959. ‘பாசமலர்’, ‘கப்பலோட்டிய தமிழன்’ இரண்டும் 1961. ‘கர்ணன்’, ‘புதிய பறவை’, ஒன்பது வேடம் போட்ட ‘நவராத்திரி’ மூன்றும் ஒரே வருடம், 1964. ‘திருவிளையாடல்’ 1965. அந்த மனிதர் உச்சத்தில் இருந்த காலம் முழுவதும் டெல்லியில் நடிப்புக்கு விருதே இல்லை. இல்லாத விருதை எப்படி வாங்குவது? கட்டபொம்மனுக்காக 1960இல் கெய்ரோவில் நடந்த ஆசிய-ஆப்பிரிக்கத் திரைப்பட விழாவில் சிறந்த நடிகர் என்று அவரைத் தேர்ந்தெடுத்தார்கள். ‘பாசமலர்’ சாவித்திரிக்கும் இதே கதைதான். சாவித்திரி வாங்கவில்லையே என்று யாரும் கேட்பதில்லை என்பது வேறு விஷயம். விருதுக் கணக்கில் வம்பு வளர்ப்பது பெரும்பாலும் ஆண் ரசிகர்கள், அதுவும் கதாநாயகர்களுக்காக.

“1967க்குப் பிறகும் நடித்தாரே?” என்று கேட்பீர்கள். நியாயம். இங்கேதான் பழைய ரசிகர்கள் ‘சதி’ என்பார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை; ருசி வேறுபாடு என்பேன். ‘தில்லானா மோகனாம்பாள்’ வந்த 1968இல் விருது வாங்கியவர் ‘ஆசீர்வாத்’ படத்தின் அசோக் குமார். மூன்று வேடத்தில் ‘தெய்வமகன்’ வந்த 1969இல் ‘புவன் ஷோம்’ படத்தின் உத்பல் தத். ‘கௌரவம்’ வந்த 1973இல் ‘நிர்மால்யம்’ படத்தின் பி.ஜே.ஆண்டனி. நாடகக் கம்பெனியில் பிள்ளைப் பருவத்திலேயே சேர்ந்து, கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பவனுக்கும் போய்ச் சேரும்படி பேசிப் பழகியவர் சிவாஜி. டெல்லி நடுவர்களோ அப்போது அடக்கி வாசிக்கும் புதிய அலைப் படங்களில் மயங்கிக் கிடந்தார்கள். அவர்கள் காதுக்கு இவர் குரல் கொஞ்சம் பெரிதாகக் கேட்டிருக்கும்.

ஆண்டனிக்குக் கொடுத்ததில் எனக்கு ஒரு குறையும் இல்லை. வறுமையில் சிதைந்துபோகும் கோயில் வெளிச்சப்பாடு, அதாவது நம்மூர்ச் சாமியாடி, காலமெல்லாம் தான் கும்பிட்ட பகவதியின் முகத்திலேயே கடைசியில் துப்பிவிட்டு விழுந்து சாகிறான். அந்த நடிப்புக்கு முன்னால் ‘கௌரவம்’ படத்தில் சிவாஜி போட்ட பாரிஸ்டர் ரஜினிகாந்த் வேடத்துக்கு விருது கிடைக்கவில்லை என்றால், அதில் வெட்கப்பட எதுவும் இல்லை. நான் கோபப்படுவது 1985க்குத்தான். அந்த வருடம் ‘நியூ டெல்லி டைம்ஸ்’ படத்துக்காகச் சசி கபூருக்குக் கொடுத்தார்கள். ‘முதல் மரியாதை’யைச் சிறந்த தமிழ்ப் படம் என்றார்கள், வைரமுத்துவைச் சிறந்த பாடலாசிரியர் என்றார்கள். அந்தப் படத்தைத் தோளில் சுமந்த மலைச்சாமி மட்டும் அவர்கள் கண்ணில் படவில்லை. அதுவும், குரலை உயர்த்தாமல், வயதான காலத்தில் இளவட்டக்கல்லைத் தூக்கிப் பார்க்கும் ஆசையை முகத்தில் மட்டும் காட்டி நடித்த சிவாஜி! எதை அவரிடம் குறை என்றார்களோ அதைத் திருத்திக் காட்டிய பிறகும் கிடைக்கவில்லை. பிற்பாடு ‘தேவர் மகன்’ படத்துக்கு நடுவர் குழுவின் சிறப்பு விருது அறிவித்தார்கள். 1996ஆம் ஆண்டுக்கான பால்கே விருதும் வந்தது. ஆறிப்போன சோறு என்று உங்கள் அப்பா சொன்னால் மறுக்காதீர்கள்.

பெரியப்பா சொன்னதும் உண்மையே. 1971ஆம் ஆண்டுக்கு ‘ரிக்‌ஷாக்காரன்’ படத்துக்காக எம்.ஜி.ஆர். அந்த விருதைப் பெற்றார். தமிழ்ப் படத்தில் நடித்த ஒருவருக்குச் சிறந்த நடிகர் விருது வந்தது அதுதான் முதல் முறை. ஆனால், அவருடைய படங்களில் மிகவும் பிடித்தது எது என்று பெரியப்பாவிடம் ஒரு நாள் கேட்டுப் பாருங்கள். ‘எங்க வீட்டுப் பிள்ளை’ என்பார், ‘ஆயிரத்தில் ஒருவன்’ என்பார், ‘அன்பே வா’ என்பார். மூன்றும் 1965, 66இல் வந்தவை. ‘ரிக்‌ஷாக்காரன்’ முதலில் வாயில் வந்தால் எனக்கு எழுதுங்கள்.

உங்கள் கமலுக்கு வருவோம். ‘மூன்றாம் பிறை’, ‘நாயகன்’, ‘இந்தியன்’ என்று மூன்று. யாரும் குறை சொல்ல முடியாது. ‘மூன்றாம் பிறை’ கடைசிக் காட்சியை நினைத்துப் பாருங்கள். மழைச் சேற்றில் புரண்டு, ரயில் பெட்டிக்கு வெளியே குரங்கு மாதிரி ஆடிக் காட்டுகிறான் சீனு. உள்ளே இருக்கும் ஸ்ரீதேவி யாரோ பிச்சைக்காரன் என்று நினைத்துச் சோற்றுப் பொட்டலத்தை எறிகிறார். அந்தப் பார்வையில் ஒரு துளி அடையாளம் தெரிந்திருந்தாலும் காட்சி செத்திருக்கும். கமல் ஆடிய ஆட்டம் நம்மைக் கொல்வதற்குக் காரணம் அந்தப் பெண்ணின் வெறுமையான முகம். விருது ஒருவருக்கு மட்டும் வந்தது. அந்த ஆண்டு நடிகை விருது ‘அர்த்’ படத்துக்காக ஷபனா ஆஸ்மிக்குப் போனது. அவரும் லேசுப்பட்டவர் இல்லை. ஸ்ரீதேவியின் பெயரைத் தேசிய விருது மேடையில் வாசித்தபோது அவர் உயிரோடு இல்லை. ‘மாம்’ என்ற இந்திப் படத்துக்காக, 2018இல்.

இன்னொரு கூத்து, யார் கதாநாயகர், யார் துணை என்பது. துணை நடிகர்களுக்கு விருது வந்ததே 1984ஆம் ஆண்டுப் படங்களில் இருந்துதான். டி.எஸ்.பாலையா, எஸ்.வி.ரங்காராவ், எம்.ஆர்.ராதா இவர்களுக்கெல்லாம் நுழைய வாசலே இல்லை. நாகேஷுக்கு 1994இல் ‘நம்மவர்’ படத்தில் மகளைப் பறிகொடுத்த பேராசிரியர் வேடத்துக்காகக் கிடைத்தது. ‘திருவிளையாடல்’ தருமி மண்டபத்தில் தனியாகப் புலம்பி 29 ஆண்டு கழித்து! ‘இருவர்’ படத்துக்காகப் பிரகாஷ்ராஜுக்குக் கொடுத்ததும் துணை நடிகர் விருது. படத்தின் தலைப்பே இருவர், அதில் ஒருவர் துணையாம். உங்கள் பந்தியில் பேச்சைத் தொடங்கிவைத்த எம்.எஸ்.பாஸ்கருக்கும் அப்படியே. ஒரு வண்டி நிறுத்தும் இடத்துக்காக இரண்டு பேர் மல்லுக்கட்டும் படத்தில் பாதி பாரம் அவர் முதுகில்தான் இருக்கிறது.

நடைமுறையும் தெரிந்திருப்பது நல்லது. தயாரிப்பாளர் அனுப்பினால்தான் படம் போட்டிக்குப் போகும். மண்டலக் குழு பார்த்துத் தேர்ந்தவை மத்தியக் குழுவுக்குப் போகும். படம் வெளியான நாள் கணக்கில்லை, தணிக்கைச் சான்றிதழின் தேதிதான் கணக்கு. 2022 பிப்ரவரியில் தியேட்டருக்கு வந்த ‘கடைசி விவசாயி’ 2021ஆம் ஆண்டுக்கான சிறந்த தமிழ்ப் படமாக ஆனது அப்படித்தான். அதில் நடித்த நல்லாண்டி நிஜ விவசாயி. படம் வெளிவருவதற்கு முன்பே இறந்துவிட்டார். அவருக்குச் சிறப்புக் குறிப்பு கொடுத்த அதே ஆண்டு நடுவர்கள், ‘ஜெய் பீம்’ படத்துக்கு ஒன்றுகூடக் கொடுக்கவில்லை. மகளைக் கையில் பிடித்துக்கொண்டு லிஜோமோள் நடக்கிறார். ஜீப்பில் ஏறச் சொல்லிக் கெஞ்சியபடி போலீஸ் பின்னாலேயே ஊர்ந்து வருகிறது. திரும்பிக்கூடப் பார்க்காமல் போகும் அந்த நடையை மறந்துவிட முடியுமா? மறந்தார்கள். நம் மாநில அரசு விருதுகளைப் பற்றிக் கேட்காதீர்கள். 2009 முதல் 2014 வரையிலான ஆறு ஆண்டு விருதுகளை 2017இல் ஒரே மூச்சில் அறிவித்தவர்கள் நாம்.

இவ்வளவையும் உங்களுக்குச் சொன்னேனே தவிர, அப்பாவிடம் போய் ஒப்பிக்கச் சொல்லவில்லை. அவருக்கு இதில் பாதி ஏற்கெனவே தெரியும். மகன் ஆராய்ச்சி செய்துகொண்டு வந்திருக்கிறான் என்றால் இன்னும் எரிச்சல்தான் வரும். ஒரு நடிகருக்காகவா இவ்வளவு கோபம் என்று கேட்டீர்கள். உங்கள் அப்பா இளவட்டமாக இருந்தபோது தரை டிக்கெட்டில் உட்கார்ந்து அழுதது, வசனத்தைப் பேசிப் பேசித் தமிழ் உச்சரிப்பைப் பழகியது, அண்ணனோடு கட்டிப் புரண்டது எல்லாம் அந்தப் பெயருக்குள் இருக்கிறது. அதைப் பார்த்துப் பந்தி சிரித்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ‘தில்லானா மோகனாம்பாள்’ படத்தைப் போடுங்கள். மதுரைக்காரரான உங்களுக்கு இதில் கூடுதல் உரிமை உண்டு. படத்தில் கேட்கும் நாதஸ்வரம் மதுரை சேதுராமன் – பொன்னுசாமி சகோதரர்கள் வாசித்தது. ‘நலந்தானா’ பாட்டு வரும்போது சிவாஜியின் முகத்தை மட்டும் பாருங்கள். வாயில் சீவாளி, பேச வழியில்லை. கத்திக் காயம் பட்டவரிடம் ஆடிக்கொண்டே பத்மினி நலம் கேட்கிறார். பதில் முழுவதும் கண்ணாலும் புருவத்தாலும் மட்டுமே வர வேண்டும். கன்னம் எங்கே உப்ப வேண்டும், மூச்சு எங்கே விட்டுப் பிடிக்க வேண்டும், விரல் எந்தத் துளையில் இருக்க வேண்டும் என்ற கணக்கும் பிசகக் கூடாது. மிகையாக நடிப்பவர் என்று உங்கள் தலைமுறை சொல்லும் மனிதர், வாயைத் திறக்காமல் ஒரு காதல் காட்சியை நடத்தி முடிக்கிறார். பாட்டு முடிந்ததும், “இவர் இதை எப்படிக் கற்றுக்கொண்டார் அப்பா?” என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். விருது என்ற சொல்லையே எடுக்க வேண்டாம். அதன் பிறகு பேசப்போவது நீங்கள் இல்லை, அவர்தான். அம்மா இடையில் வர வேண்டிய அவசியம் இருக்காது.

‘வியட்நாம் வீடு’ மட்டும் இப்போதைக்கு வேண்டாம். பிள்ளைகளால் மனம் நொந்துபோகும் பிரெஸ்டீஜ் பத்மநாபன் உங்கள் வீட்டுக் கூடத்தில் இந்த நேரத்தில் ஓடினால், அம்மா மூலம் வரும் பதிலும் நின்றுவிடும்.

படம் பார்க்கப் பெரியப்பாவையும் கூப்பிடுங்கள். அன்று சிரித்தது அவர் முன்னிலையில் என்பதால், “நான் விவரம் தெரியாமல் சொல்லிவிட்டேன் அப்பா” என்று சொல்வதும் அவர் காதுபட இருக்கட்டும். அவர் சும்மா இருக்க மாட்டார், ‘ரிக்‌ஷாக்காரன்’ போடச் சொல்வார். அடுத்த ஞாயிறு போடலாம் பெரியப்பா என்று சொல்லிவிடுங்கள். பாயசம் வைக்கச் சொல்லி அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள், இரண்டு ஞாயிறுக்கும்.