கிட்டாரில் கண்ணாடிப் பளபளப்பு: இன்னும் கோட் அடிக்கலாமா?

கேள்வி: பழைய அக்கூஸ்டிக் கிட்டாரின் பூச்சை நீக்கி, என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) லாக்கரைச் சில கோட் ஸ்பிரே செய்தேன். மகோகனிப் பின்பலகையில் ஊசிமுனைக் குழிகள் தெரிகின்றன. ஸ்புரூஸ் மர முன்பலகை வெண்மையாக மங்கிவிட்டது. மேலும் கோட் அடித்தால் சரியாகுமா?

பதில்: ஆகாது. அதோடு, ஒலியைப் பெரிதும் எழுப்புவது அதிர்கின்ற முன்பலகைதான் என்பதால், அதன்மேல் பூச்சு தடிக்கத் தடிக்க ஒலி அமுங்கும்.

மகோகனி திறந்த துளைகள் உள்ள மரம். லாக்கர் உலரும்போது சுருங்கி அத்துளைகளுக்குள் இறங்குவதால், எத்தனை கோட் அடித்தாலும் குழி மீண்டும் தலைகாட்டும். பின்பலகையை 320 எண் உப்புத்தாளால் மெல்லத் தேய்த்து, மரத்துளைகளை அடைக்கும் கிரெயின் ஃபில்லரை இழைக்குக் குறுக்காக அழுத்தித் தேய்த்து, மிகுதியை உடனே வழித்துவிடுங்கள். அது நன்கு காய்ந்தபின் லாக்கரைத் தொடரலாம். ஸ்புரூஸுக்கு ஃபில்லர் தேவையில்லை.

வெண்மைக்குக் காரணம் காற்றின் ஈரம். லாக்கரில் கலந்த தின்னர் (கரைப்பான்) வேகமாக ஆவியாகையில் பரப்பு குளிர்ந்து, ஈரம் பூச்சுக்குள் சிக்கிக்கொள்கிறது. மழைநாளில் ஸ்பிரே செய்வதைத் தவிர்த்து, மெதுவாக ஆவியாகும் ரிட்டார்டர் தின்னரைப் பனிபோல் தூவினால், பூச்சு சற்றே இளகி ஈரத்தை வெளியேற்றிவிடும். காய்ந்த பின்னும் தின்னரில் கரைவது என்.சி. லாக்கரின் இயல்பு என்பதால்தான் இது முடிகிறது. தச்சர்கள் பரிந்துரைக்கும் மெலமைன் பூச்சு இறுகிய பிறகு இப்படி இளகாது. வீட்டில் செய்பவர்களுக்கு என்.சி.யே ஏற்றது என்பது என் கருத்து. ஆனால் அது எளிதில் தீப்பற்றும். காற்றோட்டமும் ஆவியைத் தடுக்கும் கார்ட்ரிட்ஜ் மாஸ்க்கும் கட்டாயம், துணி மாஸ்க் உதவாது.

பளபளப்பு உண்மையில் பிறப்பது கடைசித் தேய்ப்பில்தான். அதற்குமுன் மூன்று நான்கு வாரங்களாவது காத்திருங்கள்; முகர்ந்தால் தின்னர் வாசனை வருமானால் பூச்சு இன்னும் காயவில்லை. பிறகு 1000, 1500, 2000 எண் வாட்டர் பேப்பரைச் சோப்புத் தண்ணீரில் நனைத்து, மினுமினுக்கும் பள்ளங்கள் மறைந்து பரப்பு ஒரே சீராக மங்கும்வரை தேய்த்து, ரப்பிங் காம்பவுண்டால் மெருகேற்றுங்கள். திருகுத் துளைகளில் தண்ணீர் இறங்கினால் மரம் உப்பும். ஓரங்களில் பூச்சு மெலிந்திருக்கும் என்பதால், அங்கே கை பட்டும் படாமலும் இருக்கட்டும்.

முன்பலகையில் கம்பிகளைத் தாங்கும் கட்டையான பிரிட்ஜைக் கழற்றியிருந்தால், அது ஒட்டும் இடத்தில் படிந்த லாக்கரைச் சுரண்டிவிடுங்கள். பசை வெறும் மரத்தில்தான் உறுதியாகப் பிடிக்கும்.