தொட்டியில் காய்கறி, தலைக்கு மேல் வெயில்: கேள்வி பதில்

வெயில் கொளுத்தும் இடங்களில் தொட்டி, பை, டிரம் வைத்துக் காய்கறி வளர்ப்பவர்கள் கேட்கலாம். ரோஜா, போன்சாய், பழமரம் என் பாடம் இல்லை. செடி வாடினால் உரத்தைத் தேடி ஓடாதீர்கள். முதலில் தொட்டியின் மேற்குப் பக்கத்தில் கையை வைத்துப் பாருங்கள். இதை இன்று பல தடவை சொல்லப் போகிறேன்.

கே: அக்கா, தக்காளி கொத்துக் கொத்தா பூக்குது. ஆனா ஒண்ணுகூட காயாகல, எல்லாம் கொட்டுது. என்ன உரம் போடணும்?

ஒன்றும் போடாதீர்கள். உதிரும் பூவின் காம்பைப் பாருங்கள். நடுவில் முட்டி மாதிரி ஒரு கணு இருக்கும். அந்த இடம் மஞ்சளாகி, விரல் பட்டதும் பூ கையோடு வரும். மகரந்தம் சேராத பூவைச் செடியே கழற்றிவிடுகிறது என்று அர்த்தம்.

பகல் வெப்பம் 32 டிகிரியைத் தாண்டினால் தக்காளியின் மகரந்தம் கெடத் தொடங்கும். 35-க்கு மேல் போனால் பெரும்பாலும் பயனில்லை. இரவு 24-க்குக் கீழே இறங்காவிட்டாலும் இதே கதைதான். பலர் பகலை மட்டும் பார்க்கிறார்கள், இரவை மறந்துவிடுகிறார்கள்.

செய்யக்கூடியது இவ்வளவுதான். 50 சதவீத நிழல்வலையை, காலை 11 முதல் மாலை 4 வரையாவது நிழல் விழுகிற மாதிரிக் கட்டுங்கள். செடியின் நுனிக்கும் வலைக்கும் நடுவே இரண்டு மூன்று அடி இடைவெளி வேண்டும்; ஒட்டிக் கட்டினால் சூடு உள்ளேயே தங்கும். காலை 7 முதல் 10 மணிக்குள் பூங்கொத்தின் காம்பை விரலால் லேசாகச் சுண்டுங்கள். ஒரே பூவுக்குள் மகரந்தம் கொட்டினால் போதும், தேனீ வரவேண்டும் என்று காத்திருக்க வேண்டாம். தழைச்சத்தைக் குறையுங்கள். புதிதாக நடுவதாக இருந்தால் செர்ரி வகை நடுங்கள். பெரிய காய் வகைகளைவிட வெயிலில் நன்றாகப் பிடிக்கும்.

காய் பிடித்த பிறகும் ஒரு தொல்லை உண்டு. 30 டிகிரிக்கு மேல் சிவப்பு நிறமி சரியாக உருவாகாது, பழம் ஆரஞ்சிலேயே நின்றுவிடும். அடிப்பக்கம் லேசாக நிறம் மாறியதுமே பறித்து வீட்டுக்குள் நிழலில் வையுங்கள், சிவக்கும்.

கே: ஒரு பைக்கு தினமும் எத்தனை லிட்டர் தண்ணி ஊத்தணும் மேடம்?

லிட்டர் கணக்கில் பதில் கிடையாது. விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விடுங்கள். ஈரம் தட்டினால் ஊற்றாதீர்கள். காய்ந்திருந்தால், அடித்துளையில் வடியும் வரை ஊற்றுங்கள்; ஊற்றியதில் பத்தில் ஒரு பங்காவது வெளியே வந்தால்தான் தேங்கும் உப்பு கழுவப்படும். காய்த்து நிற்கிற பெரிய தக்காளிச் செடி உச்சக் கோடையில் இரண்டு மூன்று லிட்டர் குடிக்கும், முந்தாநாள் நட்ட நாற்று ஒரு டம்ளரோடு நிறுத்திக்கொள்ளும். இரண்டுக்கும் ஒரே கணக்கு எப்படிச் சொல்வது?

ஒரு எச்சரிக்கை: வெயிலில் கிடந்த ஹோஸ் குழாயில் தேங்கிய நீர் கையைச் சுடும். அதை அப்படியே வேரில் விடாதீர்கள். முதல் ஒரு நிமிடத் தண்ணீரை வாளியில் பிடித்து ஆறவிட்டுப் பிறகு ஊற்றுங்கள்.

கே: கறுப்புப் பை, வெள்ளைப் பை, மண் தொட்டி, எது நல்லது?

தொட்டிச் செடியைக் கோடையில் கொல்வது பெரும்பாலும் இலையில் படுகிற வெயில் அல்ல. தொட்டியின் பக்கவாட்டில் படுகிற வெயில்தான். நிலத்தில் வேர் அரை அடி ஆழத்தில் குளிர்ச்சியாக இருக்கும். தொட்டியில் நாலாபுறமும் சுவர், சுவரை ஒட்டித்தான் வேர் முழுக்க ஓடுகிறது. மாலை வெயில் படுகிற கறுப்புப் பையின் ஓரம் 45 டிகிரியைச் சுலபமாகத் தொடும். 40 தாண்டினாலே வேர் நுனி கருகத் தொடங்கும்.

செத்த செடியை மண்ணோடு பையிலிருந்து உருவிப் பாருங்கள். கிழக்குப் பக்க வேர் வெள்ளையாக இருக்கும், மேற்குப் பக்க வேர் பழுப்பாகி, இழுத்தால் தோல் உரிந்து நடுநரம்பு மட்டும் நூல் மாதிரி கையில் வரும். அதனால்தான் ஈரம் இருந்தும் செடி வாடுகிறது. அதைப் பார்த்து இன்னும் தண்ணீர் ஊற்றுவார்கள், மீதி வேர் அழுகும்.

ஆகவே வெள்ளைப் பை, கறுப்பைவிட நல்லது. மண் தொட்டியின் சுவர் ஈரத்தை விட்டுக் குளிரும், ஆனால் சீக்கிரம் காயும். கையில் கறுப்புதான் இருக்கிறது என்றால் பழைய சாக்கைச் சுற்றிக் கட்டுங்கள், அல்லது வெளிப்பக்கம் சுண்ணாம்பு பூசுங்கள். பைகளை நெருக்கி வைத்து, மேற்கு ஓர வரிசையில் தண்டங்கீரை மாதிரி வெயில் தாங்குவதை நிறுத்துங்கள். அது மற்றவற்றுக்குத் திரை. மேல்மண்ணில் இரண்டு அங்குலம் காய்ந்த சருகு. பை தரையைத் தொடக்கூடாது. செங்கல் மேல் வையுங்கள்.

கே: எந்தக் காய்க்கு எவ்வளவு பெரிய தொட்டி?

தக்காளி, கத்தரி 20 லிட்டர். மிளகாய் 12. வெண்டை 15, ஆழம் ஓரடி இருக்கட்டும், ஆணிவேர் இறங்கும். கீரைக்கு அரையடி ஆழம் போதும், அகலம் எவ்வளவு வேண்டுமானாலும். கொடிகளுக்கு 40-க்குக் குறைந்தால் தினமும் இரண்டு வேளை தண்ணீரோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும்.

கே: அடியில் ரெண்டு அங்குலம் ஜல்லி போட்டா தண்ணி நல்லா வடியும்னு எல்லாரும் சொல்றாங்க. எந்த சைஸ் ஜல்லி?

எந்த சைஸும் வேண்டாம். ஜல்லி போட்டால் வடிகால் அதிகமாகாது. ஈரம் தேங்குகிற அடுக்கு அடித்தளத்தில் இருப்பதற்குப் பதில் இரண்டு அங்குலம் மேலேறி வேருக்குப் பக்கத்தில் வந்து உட்காரும்.

கே: அது எப்படிங்க? கல்லுக்கு நடுவுல இவ்ளோ இடம் இருக்கே, தண்ணி ஓடாதா?

நியாயமான சந்தேகம். மண்ணின் நுண்ணிய இடுக்குகள் தண்ணீரை இழுத்துப் பிடித்து வைத்திருக்கும். கீழே பெரிய இடுக்கு வந்தால் அந்தப் பிடியை விட்டுத் தண்ணீர் இறங்காது. மேல் அடுக்கு முழுக்க நனைந்து பாரம் தாங்காமல் போனால்தான் சொட்டும்.

பாத்திரம் தேய்க்கிற புது ஸ்பாஞ்ச் ஒன்றை எடுங்கள். தண்ணீரில் முக்கி, படுக்கை வாட்டில் பிடியுங்கள். சொட்டு நிற்கும் வரை பொறுங்கள். இப்போது அதையே செங்குத்தாக நிறுத்துங்கள், மறுபடி தண்ணீர் கொட்டும். ஸ்பாஞ்ச் மாறவில்லை, உயரம்தான் மாறியது. தொட்டியும் அப்படித்தான். அடியில் தேங்குகிற ஈர அடுக்கின் உயரத்தை மண்கலவை தீர்மானிக்கிறது. தொட்டி ஆழமாக இருந்தால் அந்த அடுக்குக்கு மேலே காற்றோட்டமான மண் அதிகம் கிடைக்கும். ஜல்லி போட்டு ஆழத்தைக் குறைக்கிறீர்கள்.

கே: நான் ஜல்லி கேட்டவர் கட்சி. அடியில ஈரம் தேங்குறது கோடைக்கு நல்லதுதானே அக்கா? ரெண்டு நாள் ஊருக்குப் போனாலும் செடி தாங்குமே?

கேட்கவேண்டிய கேள்வி. ஆனால் தேங்குவது குளிர்ந்த நீர் அல்ல. 20 டிகிரி நீர் லிட்டருக்கு ஏறக்குறைய 9 மில்லிகிராம் ஆக்சிஜன் பிடிக்கும், 35 டிகிரி நீர் 7 தான். அதே நேரம் சூட்டில் வேர் மூச்சுவிடும் வேகம் கூடும். கிடைப்பது குறைகிறது, தேவை ஏறுகிறது. வேரழுகல் பூஞ்சைக்கு இதைவிடத் தோதான இடம் கிடையாது.

கே: அப்போ அடியில தண்ணி நிக்கிற செல்ஃப் வாட்டரிங் தொட்டி விக்கிறாங்களே, அது மட்டும் எப்படி?

அங்கே நீர்த்தொட்டி தனி, மண் தனி. நடுவே காற்று இடைவெளி, பக்கவாட்டில் வழிந்தோடும் துளை. தேங்காய்நார்க் கலவையோ திரியோ கீழே இறங்கி, வேண்டிய அளவை மட்டும் மேலே உறிஞ்சித் தரும். ஜல்லி உறிஞ்சாது. இரண்டையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள். ஊருக்குப் போகிறவர்களுக்கு அந்தத் தொட்டி நல்ல ஏற்பாடு, உப்பு சேராமல் மாதம் ஒருமுறை மேலிருந்து ஊற்றிக் கழுவினால்.

கே: தாத்தா காலத்துல இருந்து ஓட்டுத்துண்டு போடுறோம். செடி நல்லாத்தானே வளர்ந்துச்சு?

துளையை மண் அடைக்காமல் இருக்க ஒரே ஒரு வளைந்த ஓட்டுத்துண்டைக் கவிழ்ப்பது வேறு, இரண்டு அங்குலம் ஜல்லி அடுக்குவது வேறு. முன்னது தாராளமாகப் போடலாம். வலைத்துண்டும் போதும்.

கே: கோகோபீட் எவ்வளவு, உரம் எவ்வளவு?

கொள்ளளவில்: தேங்காய்நார்க் கழிவு 4, நன்றாக மக்கிய உரம் 3, செம்மண் 2, உமிக்கரி அல்லது பெர்லைட் (லேசான வெள்ளைக் கல்துகள்) 1. கடையில் விற்கிற 5 கிலோ கோகோபீட் கட்டி ஊறினால் சுமார் 70 லிட்டர் வரும். வடியும் நீர் வெளிறும் வரை இரண்டு மூன்று தடவை கழுவுங்கள், அதில் உப்பு இருக்கும். புது நார் கால்சியத்தைத் தனக்குள் இழுத்து வைத்துக்கொள்ளும். அதனால் முதல் மாதம் வாரம் ஒருமுறை கால்சியம் நைட்ரேட் லிட்டருக்கு 1 கிராம் கொடுங்கள். சல்பேட், பாஸ்பேட் உரங்களோடு ஒரே வாளியில் கலக்காதீர்கள், வெள்ளையாகத் திரிந்து அடியில் படியும். வேப்பம்புண்ணாக்கு பைக்கு ஒரு கைப்பிடி. போட்டதும் நடவேண்டாம், ஈரமாக வைத்துப் பத்து நாள் கழித்து நடுங்கள்.

கே: தக்காளிப் பூ கொட்டுது மேடம், ஏதாவது டானிக்?

முதல் பதில்.

கே: பீர்க்கை, சுரை பிஞ்சு ஒரு விரல் நீளம் வந்ததும் மஞ்சளாகி விழுது. தினமும் காலைல 9 மணிக்குக் கையால மகரந்தம் வைக்கிறேன், பயனில்ல.

நேரம்தான் தப்பு. பீர்க்கு, சுரை, புடலை சாயங்காலம் விரியும். மறுநாள் காலை 9 மணிக்கு நீங்கள் தொடுவது முடிந்துபோன பூ. மாலை 6 மணிக்கு மேல், அன்று விரிந்த ஆண்பூவைப் பறித்து, இதழைக் கிழித்துவிட்டு, பெண்பூவின் நடுமுடியில் எல்லாப் பக்கமும் தடவுங்கள். பெண்பூ என்றால் இதழுக்குப் பின்னால் குட்டிக் காய் இருக்கும். பூசணி, பாகல், வெள்ளரி, நுரைப்பீர்க்கு (மேடு இல்லாத வழவழப்பான பீர்க்கு) விடியலில் விரியும். அவற்றுக்கு 8 மணிக்குள்.

ஆண்பூ மட்டுமே வருகிறது என்று இன்னும் மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். முதலில் ஆண்பூதான் வரும், வெப்பமும் தழைச்சத்தும் கூடினால் இன்னும் அதிகம் வரும். பொறுங்கள்.

கே: தக்காளியோட அடி கறுத்து அமுங்குது. முட்டை ஓடு போடலாமா?

முட்டை ஓடு கரைய மாதக்கணக்கு ஆகும், அதற்குள் செடி முடிந்துவிடும். மண்ணில் கால்சியம் பெரும்பாலும் இருக்கிறது, காய்க்குப் போய்ச் சேரவில்லை. அது நீரோட்டத்தோடுதான் நகரும். வெயிலில் இலைகள் அந்த நீரையெல்லாம் இழுத்துக்கொள்ளும், காய்க்கு மிச்சம் கிடைக்காது. ஒருநாள் வறட்சி, ஒருநாள் வெள்ளம் என்று ஊற்றினால் இன்னும் மோசம். சீரான ஈரம், சருகு மூடாக்கு, பெரிய பை. கறுத்த காயைப் பறித்துப் போடுங்கள், அடுத்த கொத்து சரியாகும்.

கே: வாழைப்பழத் தோல் ஊறவைத்த தண்ணி?

கம்போஸ்ட் தொட்டியில் போடுங்கள். அது மக்கி உரமாகட்டும்.

கே: மிளகாய் இலை சுருண்டுபோச்சு. எந்த மருந்து?

எந்தப் பக்கம் சுருண்டிருக்கிறது? அதுதான் விஷயம். ஓரங்கள் மேல்நோக்கி, படகு மாதிரி என்றால் இலைப்பேன். வெள்ளைத் தாளின் மேல் நுனியைத் தட்டுங்கள், வைக்கோல் நிறத்தில் கோடு கோடாக ஓடும். மாலையில் வேப்பெண்ணெய் 5 மில்லி, சோப்புக் கரைசல் 2 மில்லி, ஒரு லிட்டர் நீர். இலையின் அடியில் படுகிற மாதிரி, ஆறு நாளுக்கு ஒருமுறை மூன்று தடவை.

ஓரங்கள் கீழ்நோக்கி, கவிழ்த்த படகு என்றால் சிலந்திப்பேன். கண்ணுக்குத் தெரியாது, பத்து மடங்கு லென்ஸ் வேண்டும். நனையும் கந்தகம் (wettable sulphur, நீரில் கலக்கும் கந்தகத் தூள்) லிட்டருக்கு 3 கிராம் கேட்கும், ஆனால் 32 டிகிரி தாண்டுகிற நாளில் அடித்தால் இலை வெந்துவிடும். எண்ணெய் அடித்த மூன்று வாரத்துக்குள்ளும் கூடாது. அதனால் உச்சக் கோடையில் சுருண்ட நுனிகளைக் கிள்ளி எறிந்து, இலையடியில் வேகமாகத் தண்ணீர் பீய்ச்சுவதுதான் முதல் வேலை.

இலை சிறுத்து, நரம்பு தடித்து, செடி குட்டையாகவே நின்றால் வைரஸ். மருந்தே கிடையாது. பிடுங்கிவிடுங்கள், பக்கத்துச் செடியில் வெள்ளை ஈ இருக்கிறதா என்று பாருங்கள்.

கே: கொத்தமல்லி ஒரு சாண் வளர்றதுக்குள்ள பூக்குது.

சூட்டில் அப்படித்தான். கோடைக்கு அதை விட்டுவிட்டுத் தண்டங்கீரை, கொத்தவரை, காராமணி போடுங்கள்.

கே: மாடி தாங்குமா?

கட்டட என்ஜினியரைக் கேளுங்கள். அவரிடம் சொல்லக் கணக்கு: நனைந்த தேங்காய்நார்க் கலவை லிட்டருக்குச் சுமார் 1 கிலோ, வெறும் மண் 1.8 வரை. அதாவது 20 லிட்டர் பை 20 கிலோவா, 36 கிலோவா என்பது நீங்கள் எதை நிரப்புகிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

கே: காலைல ஊத்தணுமா, சாயங்காலமா? மத்தியானம் செடி வாடுது.

காலை. மத்தியானம் வாடி மாலையில் நிமிர்ந்தால் விட்டுவிடுங்கள். காலையிலேயே வாடி நின்றால் விரலை விடுங்கள்: காய்ந்திருந்தால் தண்ணீர் ஊற்றுங்கள், ஈரமாக இருந்தால் வேரில்தான் கோளாறு. பையின் மேற்குப் பக்கத்தைத் தொட்டுப் பார்த்தீர்களா?

கே: அக்கா, நான்தான் ஜல்லி கேட்டவன். ஸ்பாஞ்ச் வச்சுப் பார்த்தேன், நிறுத்தினதும் அரை டம்ளர் கொட்டுச்சு. ஆனா பத்துத் தொட்டியில ஏற்கெனவே போட்டாச்சே, எல்லாத்தையும் கொட்டி எடுக்கணுமா?

செடி நன்றாக இருக்கும் தொட்டியை இப்போது கலைக்காதீர்கள் தம்பி, வெயிலில் வேர் அறுந்தால் தாங்காது. பயிர் முடிந்து மண் மாற்றும்போது எடுத்துக்கொள்ளலாம். எடுத்த ஜல்லியை வீணாக்க வேண்டாம், தட்டில் பரப்பி அதன் மேல் தொட்டியை வையுங்கள். துளையும் அடைபடாது, தரைச் சூடும் ஏறாது.